மூன்றாவது சத்தம்

குழியே இல்லாத மேசை.
பார்க்க வந்த பாத்திரக்கடை நாச்சியப்பன்
நான்கு மூலையையும் தடவிவிட்டு
"பந்து எங்கம்மா விழும்?" என்றார்.
விழாது அண்ணே.
"அப்ப வரவு?"
எண்ணிக்கைதான் வரவு.
கல்லா இல்லாத கடை என்று முனகிக்கொண்டே
படியிறங்கிப் போனார்.
மறுநாள் அவர்தான் முதலில் வந்தார்.

ஜெர்மனியில் மூடிப்போன ஏதோ ஒரு மன்றத்து மேசை.
கற்பலகைக்கு அடியில் சூடேற்றும் கம்பி உண்டு,
குளிரில் துணி ஈரம் கோக்காமலிருக்க.
காரைக்குடியில், செக்காலை ரோட்டு மாடியில்,
சித்திரை வெயிலில்,
அந்த ஸ்விட்சைப் போட யாருக்கும் மனசு வரவில்லை.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
டீ கெட்டிலைச் செருகியிருக்கிறோம்.

விதி சின்னது.
உன் பந்து இரண்டு பந்துகளையும் தொடவேண்டும்;
இரண்டாவதைத் தொடுமுன்
மூன்று முறையாவது சுவரில் மோதியிருக்க வேண்டும்.
நேராகப் போனால் கணக்கில்லை.
பெண் கேட்கவும் கடன் கேட்கவும்
எங்கள் ஊரில் அப்படித்தான் போவார்கள்.
அதனால்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள் போல.

நான் நடுவர்.
பகலில் கூட்டுறவு வங்கியில் கேஷியர்.
எதையும் இரண்டு முறை எண்ணுவது
சம்பளத்துக்காக வந்த பழக்கம்.

மாவட்ட இறுதிப் போட்டி, நாற்பது புள்ளி.
மஞ்சள் பந்து சேசுராஜ்,
தேவகோட்டை டெப்போவில் மெக்கானிக்.
குச்சி பிடிக்குமுன் நகக்கண்ணின் கிரீஸை
மூன்று சோப்பு மாற்றிக் கழுவுகிறவன்.
வெள்ளைப் பந்து மெய்யம்மை,
பல் டாக்டர்.
என் இடது கடைவாய்ப் பல்லுக்கு
வேர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்.
இரண்டு தவணை பாக்கி.

முப்பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டு.
டாக்டர் குனிந்தபோது கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் விளக்கை மட்டும் தாங்கியது.
நான்கு மின்விசிறியும் சுழன்று சுழன்று
ஓய்ந்தன.
அந்த மாடி அவ்வளவு அமைதியாகும் என்று
அன்றுதான் தெரிந்தது.
யாரோ முறுக்கைக் கடிக்காமல்
வாயிலேயே ஊறவைத்தார்கள்.

வெள்ளை சிவப்பை உரசிக்கொண்டு போனது.
எதிர்ச் சுவர், தொப்.
மூலைக்குத் திரும்பியது.
இரண்டு சுவரும் கைகோக்கிற அந்த மூலையில்
ஒன்றன்பின் ஒன்றாக
இரண்டு சத்தம் வந்திருக்க வேண்டும்,
சோடாக் கோலி குலுங்குவதுபோல, தொ-தொப் என்று.
ஒன்றுதான் வந்தது.
பிறகு மஞ்சள்மேல், டக்.

கைதட்டினார்கள்.
நாச்சியப்பன் எழுந்தே விட்டார்.
என் நாக்கு, கேட்காமலே,
தற்காலிக சிமெண்ட்டை ஒருமுறை தடவியது.

"இல்லை" என்றேன்.

கூட்டம் கத்தியது.
பந்து திரும்பியதைக் கண்ணால் பார்த்தார்களாம்.
நானும் பார்த்தேன்.
பார்த்ததற்கும் கேட்டதற்கும் பேரேடு ஒத்துவரவில்லை;
ஒத்துவராத தொகையை
நான் எந்த மாலையும் வரவு வைத்ததில்லை.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
குச்சி முனைக்குச் சாக்கைத் தேய்த்தபடி
நாற்காலிக்குப் போனார்,
அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போவதுபோல.

ஜெயித்தது சேசுராஜ்.
உடனே இல்லை, ஒன்பது ஆட்டம் மாறிமாறித் தவறிய பிறகு,
அதுவும் கடைசிப் புள்ளி
அவனே குறிவைக்காத வழியில் போய்ச் சேர்ந்தது.
கழுவிய கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான்.
மின்விசிறிகள் அப்போதுதான் சுற்ற ஆரம்பித்தன.

சனிக்கிழமை,
கழுத்தில் பச்சைத் துணி, வாய் நிறையப் பஞ்சு.
மெய்யம்மை முகமூடியை ஏற்றிக்கொண்டு
"நெசமாவே கேக்கலையா?" என்றார்.
பேச முடியாது.
இரண்டு விரலைக் காட்டினேன்.

கண்ணாடிக் குச்சியைத் திருப்பி
அதன் காம்பால் பல்லைத் தட்டினார்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது தட்டினாரா,
தட்ட ஓங்கி நிறுத்தினாரா.
"இது?" என்றார்.

பில்லில் ஒரு ரூபாய் கூட்டவில்லை.
குறைக்கவும் இல்லை.